இத்தூமாவின் நாற்பது மூட்டைகள்

பிப்ரவரி 9, செவ்வாய்

அரவை இயந்திரம் மறுபடி நின்றுவிட்டது. இந்த வாரத்தில் மூன்றாவது முறை. முசெம்பி அண்ணன் வண்டியின் ஸ்பேனரைக் கொண்டுவந்து அதன் வயிற்றில் இரண்டு தட்டுத் தட்டினார். ஓடியது. ஆராய்ச்சி நிலையத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர்கள் நான்கு பேர். இயந்திரம் டிரைவர் சொன்னால்தான் கேட்கிறது.

நேற்று நைரோபியில் பசி பற்றிய கருத்தரங்கு. மதியச் சாப்பாடு பதினாறு வகை, எண்ணினேன். நிதி கொடுப்பவர்களில் ஒருவர், நீலக் கோட்டு, "நீங்க செய்யற ஆராய்ச்சிய ஒரே நிமிஷத்துல சொல்லுங்க" என்றார். சொன்னேன். சரியாகக் காயாத மக்காச்சோளத்தில் பூஞ்சை வளரும், அது அஃப்லடாக்சின் என்ற நஞ்சை விடும், எவ்வளவு வேகவைத்தாலும் போகாது, ஈரலைக் கெடுக்கும், பிள்ளைகளை வளரவிடாது. நூறு கோடிப் பங்கில் பத்துப் பங்குக்கு மேல் இருந்தால் சாப்பிடக் கூடாது என்று சட்டம். சட்டம் இருக்கிறது, சாப்பிட வேறு மக்காச்சோளம் இல்லை. நாற்பது விநாடி ஆயிற்று. மீதி இருபது விநாடியில் அவர் கேக் எடுக்கப் போய்விட்டார்.

நாளை மறுநாள் இத்தூமா. எங்கள் பட்டியலில் கடைசி ஊர். மார்ச் 31 அன்று மாவட்டம் முடிவு சொல்லும். நஞ்சு மிகுந்த சிவப்பு ஊர்களுக்கு உலர்த்தும் இயந்திரம், கெட்டதைக் கொடுத்தால் அதே அளவு நல்ல மக்காச்சோளம். பச்சை ஊர்களுக்கு வாழ்த்து.

பிப்ரவரி 11, வியாழன்

இத்தூமா. நாற்பது வீடு, மூன்று நாள் வேலை. இன்று பதினான்கு முடிந்தது.

ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு கிலோ மக்காச்சோளம், ஒரு குழந்தையின் சிறுநீர். கேட்க எளிது. மும்புவா வீட்டில் அவள் மகன் கியாலோ பாட்டிலைத் தவிர எல்லா இடத்திலும் பெய்தான். என் காலணி உட்பட. முசெம்பி அண்ணன் விசில் அடித்தார், ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக் காட்டினார். பையன் கைதட்டி ரசித்தானே தவிர வேலை நடக்கவில்லை.

"பாத்துட்டே இருந்தா எவனுக்குத்தான் வரும்? எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புங்க!" என்று மும்புவா அதட்டினாள். ஆறு பேர் சுவரைப் பார்த்து நின்றோம். வந்தது.

மும்புவாவுக்கு என் வயது, இருபத்தாறு. கணவன் மொம்பாசாத் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறான். கியாலோவுக்கு இரண்டரை வயது. பார்த்தால் ஒன்றரைதான் சொல்லலாம்.

விதிப்படி குத்தூசியை மூட்டையில் ஐந்து இடத்தில் குத்தி மாதிரி எடுக்க வேண்டும். மற்ற ஊர்களில் வெளியே குதிர் இருக்கும், குத்தினோம். இங்கே போன வருடம் குதிர்களில் திருட்டு. அதிலிருந்து மூட்டைகள் படுக்கையறைக்குள் போய்விட்டன. கணவன் மனைவி படுக்கும் அறைக்குள் விருந்தாளி கால் வைப்பதாவது! நானும் இவர்களைப் போல் கம்பா இனத்தில் பிறந்தவள்தானே. முற்றத்திலேயே நின்றேன். முறத்தில் கொண்டுவந்து கொடுத்தார்கள். மஞ்சளும் வெள்ளையுமாக, கழுவி வைத்தது போல.

படிவத்தில் ஒரு கட்டம். 'குத்தூசியால் எடுக்கப்பட்டதா?' ஆம் என்று குறித்தேன். இல்லையென்றால் மாதிரி செல்லாது, திரும்ப வர வேண்டும், பெட்ரோல் இல்லை. பெரிய விஷயமா என்ன.

சாப்பிடாமல் விடவில்லை. மேசை, அதன்மேல் பூப்போட்ட துணி, தோல் நீக்கிய மக்காச்சோளத்தை அவரையோடு வேகவைத்த முதோகோய். இரண்டு முறை வாங்கிக்கொண்டேன். முசெம்பி அண்ணன் பின்பக்கம் எங்கோ சாப்பிட்டார்.

பிப்ரவரி 18, வியாழன்

நாற்பதும் சுத்தம்!!

நாற்பதில் நாற்பது. எல்லாம் பத்துக்குக் கீழே, பாதிக்கு மேல் பூஜ்யத்தை ஒட்டி. அறுவடை நேரத்தில் அத்தனை மழை பெய்தும். எங்கள் ஆய்வகத் தலைவர் டாக்டர் அவூர் எண்களைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். அவருக்கு ஐம்பது வயது, ஆய்வகத்தில் ஆடி நான் பார்த்ததில்லை. இன்று இடுப்பை ஒரு தடவை அசைத்தார். லுவோ இனத்தவர் ஆடினால் ஆட்டத்துக்குப் பேர்போன கம்பாக்கள் எங்களால் சும்மா நிற்க முடியுமா? நானும் ஆடினேன்.

ஒரு ஊராவது தப்பித்ததே. நன்றாகத் தூங்குவேன்.

பிப்ரவரி 24, புதன்

சிறுநீர் முடிவு வந்தது. நாற்பது பிள்ளைகளில் முப்பத்தொரு பேருக்கு நஞ்சு. அதுவும் கொஞ்சநஞ்சம் இல்லை.

நேற்றோ முந்தாநாளோ தின்றது இன்று சிறுநீரில் தெரியும். வீட்டில் இருப்பது சுத்தமான மக்காச்சோளம். அப்படியென்றால் எதைத் தின்றார்கள்?

பிப்ரவரி 26, வெள்ளி

மறுபடி ஓட்டினேன். அதே முப்பத்தொன்று.

மார்ச் 1, செவ்வாய்

டாக்டர் அவூருடன் சண்டை.

"பாட்டில் மாறியிருக்கும், முதிந்தி."

"மாறல, டாக்டர். ஒவ்வொண்ணுலயும் பேர் எழுதினது நான்."

"அதனாலதான் சொல்றேன்."

பதில் பேசாமல் வந்திருந்தால் நல்ல பெண் என்று பெயர் கிடைத்திருக்கும். நான் பேசினேன். "நல்ல செய்தி வந்தா நான் கெட்டிக்காரி, கெட்ட செய்தி வந்தா பாட்டில் மாத்திட்டேனா?" என்றேன். வாசலில் முசெம்பி அண்ணன் இருமினார். என்னை நிறுத்தத்தான்.

டாக்டர் அறிக்கையின் நகலை என் முன்னால் தள்ளினார். "மாவட்டத்துக்கு அறிக்கை போயாச்சு. இத்தூமா பச்சை. மாத்தணும்னா எனக்குக் காரணம் வேணும், கோபம் வேணாம். மார்ச் முடியற வரைக்கும் உனக்கு நேரம்."

அறிக்கை அப்படியே நின்றால் அந்த முப்பத்தொரு பிள்ளைகளும் பச்சை ஊரில் உட்கார்ந்து நஞ்சு தின்பார்கள். யாரும் ஒரு மூட்டைகூட மாற்றிக் கொடுக்கமாட்டார்கள். என் எண்களைக் காட்டியே மறுப்பார்கள். என் எண்களை!

மார்ச் 4, வெள்ளி

எனக்கு வருவது கோபமா சிரிப்பா தெரியவில்லை.

காலையிலிருந்து இத்தூமாவில் நிலக்கடலை பார்த்தேன், மாட்டுப் பால் பார்த்தேன், கடை மாவு பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. மதியம் மும்புவா வீட்டில் மறுபடி சாப்பாடு. திரும்பும்போது ஜீப்பில் சும்மா பேச்சுக்குச் சொன்னேன்.

"மும்புவாவோட முதோகோய் என்ன வெள்ளை! பல்லு மாதிரி."

"உனக்கு வெள்ளை," என்றார் முசெம்பி அண்ணன். "எனக்கு வந்தது பழுப்பு. நடுவுல நாலு கறுப்பு மணி, என்னையே மொறச்சுப் பாத்துச்சு."

"ஒரே பானைதானே?"

அவர் சிரித்த சிரிப்பில் வண்டி ஓரமாகப் போயிற்று. "ஏம்மா சயின்டிஸ்ட்டு, பட்டம் நீ படிச்சு வாங்கினியா, இல்ல சோப்போட இலவசமா குடுத்தாங்களா? விருந்தாளிப் பானை வேற, வீட்டுப் பானை வேற. டிரைவர் எங்க விருந்தாளி? நான் அடுப்படியில பிள்ளைங்களோட உக்காந்து சாப்பிடறேன். உனக்குப் போடறது பொறுக்கி எடுத்த சோளம்."

"வண்டிய நிறுத்துங்க."

"இங்கயா? முள்ளுக்காடு."

"நிறுத்துங்க அண்ணே!"

இறங்கி முள்ளுக்காட்டில் நின்றேன். பொறுக்கி எடுத்த சோளம். முறத்தில் வந்தது. கழுவி வைத்தது போல.

இரண்டு வருடமாக அவர் வேறு இடத்தில் வேறு சாப்பாடு சாப்பிட்டிருக்கிறார். நான் ஒருநாள் கேட்டேனா? ஊரில் யார் எங்கே உட்கார்ந்து எதைத் தின்கிறார்கள் என்பதுதான் என் ஆராய்ச்சி. என் வண்டியில் வந்த மனிதர் எதைத் தின்றார் என்று எனக்குத் தெரியாது. கருத்தரங்கில் கேக் எடுக்கப் போனவனை இனிமேல் நான் திட்டலாமா?

மார்ச் 5, சனி

காலையிலேயே போய் நின்றேன். மும்புவாவோடு கதுங்கேயும் இருந்தார். மகளிர் குழுத் தலைவி. மண்ணெண்ணெய்க் கடை வைத்திருக்கிறார், குரல் கடைத்தெரு முழுக்கக் கேட்கும்.

"அன்னிக்கு எனக்குக் குடுத்த சோளம், பொறுக்கினதா?" என்று கேட்டேன்.

மும்புவா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பின்ன? வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குப் பூஞ்சை புடிச்சதையா குடுப்பேன்? நாலு பேரு ரெண்டு நாளு உக்காந்து பொறுக்கினோம். என் கண்ணே மணியாட்டம் உதிர்ந்து முறத்துல விழுந்துருக்கும்."

"ஞாயித்துக்கிழமை சர்ச்சுல நான்தான் சொன்னேன்," என்றார் கதுங்கே பெருமையாக. "ஆராய்ச்சிக்காரங்க வர்றாங்க, நம்ம ஊரு மானம் போயிடக் கூடாது, உடைஞ்சது, சுருங்குனது, நெறம் மாறினது ஒண்ணு இருக்கக் கூடாதுன்னு. நாப்பது வீடும் கேட்டாங்களா இல்லையா?"

"கேட்டாங்க," என்றேன். அழுகை வந்தது. "ரொம்ப நல்லா கேட்டாங்க."

"பொறுக்கிப் போட்டதை என்ன செஞ்சீங்க?" என்று நானே தொடர்ந்தேன்.

"என்ன செய்வாங்க? மூட்டையிலயே திருப்பிக் கொட்டினோம். நாங்க திங்கணுமில்ல?" என்றாள் மும்புவா.

நல்லதை நான் எடுத்துப் போனேன். கெட்டது பிள்ளைகளிடம் திரும்பிப் போயிற்று. கணக்குப்படி தொண்ணூறு கிலோவில் இரண்டு கிலோ, பெரிய மாற்றம் இல்லை. கணக்கு கிடக்கட்டும்.

எல்லாவற்றையும் சொன்னேன். அறிக்கை, பச்சை, மார்ச் 31. இருவரும் சிரிப்பதை நிறுத்தினார்கள். "அப்ப நாங்க மானத்தைக் காப்பாத்தப் போயி பிள்ளைங்க வாயில மண்ணைப் போட்டுக்கிட்டோமா?" என்றாள் மும்புவா. மெதுவாக.

மறுபடி மாதிரி எடுக்க வேண்டும் என்றேன். நானே, மூட்டையில் குத்தி. படுக்கையறைக்குள் வந்து.

"முடியாது." இரண்டு பேரும் ஒன்றாக.

"ஐயோ, பிள்ளைங்க—"

"புரியுது பொண்ணே. ஆனா விருந்தாளி உள்ள வர முடியாது. நான் விட்டாலும் வீட்டுக்காரன் மொம்பாசாவுலேர்ந்து கிளம்பி வந்துடுவான்." மும்புவா நகத்தைக் கடித்தாள்.

கதுங்கேதான் கடைசியில் சொன்னார். "விருந்தாளி வர முடியாது. குழுவுல இருக்கறவ வரலாம். ஒருத்திக்கு ஒருத்தி வீட்டுக்குள்ள போயி மூட்டை தூக்கறதில்லையா?" பிறகு என் கைகளைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். "ஆனா குழுவுல சேரணும்னா வரப்பு வெட்டணும். இந்தக் கை வெட்டுமா?"

"வெட்டும்."

மும்புவா சிரித்துவிட்டாள். "பேனா புடிக்கற கையாச்சே அது."

மார்ச் 12, சனி

வெட்டினேன்.

மழைக்கு முன்னால் சரிவில் படிப்படியாக வரப்பு வெட்டி மண்ணை மேலே எறிய வேண்டும். கீழே எறிவது மனித இயல்பு. மேலே எறிந்தால் பாதி மண் உன் தலையிலேயே விழும். முப்பது பெண்கள், ஒரே தாளம், பாட்டு. பாட்டில் ஒவ்வொருத்தியாக ஓர் அடி கட்டி வைக்க வேண்டும். என்னைப் பற்றிக் கட்டியது, சுருக்கமாக, 'நகரத்துக் கோழி மண்ணைக் கிளறுது, புழு வரலை, கொப்புளம் வந்தது.' முப்பது பேரும் அதை ஒன்பது தடவை பாடினார்கள்.

பதினொரு மணிக்கு முதல் கொப்புளம். ஒரு மணிக்கு அது உடைந்தது. மூன்று மணிக்கு எனக்குக் கை இருக்கிறதா என்றே தெரியவில்லை. வரப்பின் மேலே உட்கார்ந்து முசெம்பி அண்ணன் கரும்பு கடித்துக்கொண்டு, "அப்படித்தான் சயின்டிஸ்ட்டு, இன்னும் நாப்பது அடிதான்!" என்று உற்சாகப்படுத்தினார். கதுங்கே அவர் கையிலும் ஒரு மண்வெட்டியைக் கொடுத்துவிட்டார். அதன்பின் அவர் வாய் திறக்கவில்லை.

இவ்வளவு சந்தோஷமாக நான் எப்போது இருந்தேன்?

மாலையில் கதுங்கே அறிவித்தார். "முதிந்தி வெட்டினது பதினோரு அடி. அதுல மூணு அடி கோணல். அந்த மூணையும் மழை அடிச்சுட்டுப் போயிடும். எட்டு அடிக்கு உறுப்பினர்." கைதட்டல்.

மார்ச் 16, புதன்

மூன்று நாளில் நாற்பது படுக்கையறை.

கட்டிலுக்கடியில் மனிதர்கள் எதையெல்லாம் வைத்திருக்கிறார்கள் என்று நான் எழுதப்போவதில்லை. குழுவின் ரகசியம். ஒரு வீட்டில் அடைகாக்கும் கோழி என் மணிக்கட்டைக் கொத்தியதை மட்டும் எழுதலாம். கதுங்கே வீட்டில் மூட்டைக்குப் பின்னால் இறங்கிய குத்தூசி, கணவருக்குத் தெரியாமல் மறைத்த சர்க்கரைப் பையில் குத்திவிட்டது. சர்க்கரை மணலாய் ஒழுகியது. "நஞ்சு இருக்கான்னு பாத்துடு," என்றார் முகத்தை மாற்றாமல்.

எல்லா மூட்டையிலும் ஐந்து குத்து. இந்தமுறை முறத்தில் வந்த எதையும் தொடவில்லை.

மார்ச் 18, வெள்ளி

டாக்டர் அவூரிடம் சொல்லிவிட்டேன். ஊர் செய்ததை மட்டுமல்ல, நான் செய்ததையும்.

"நாப்பது தடவையா?"

"நாப்பது தடவை, டாக்டர்."

"ஒவ்வொரு தடவையும் பேனாவை எடுத்து, கட்டத்துல ஆம்னு?"

"ஆமா."

அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். கத்தவில்லை. படிவங்களைச் சீராக அடுக்கி, விளிம்புகளைத் தட்டினார். "அவங்க பொய் சொல்லல. மரியாதை செஞ்சாங்க. பொய் சொன்னது நீ. ஒருத்திதான்."

படிவங்களை வாங்கக் கை நீட்டினேன், கொடுக்கவில்லை.

"இதை எழுத்துல குடு. உன்னை வச்சுக்கறதா வேணாமான்னு அப்புறம் பாக்கலாம். இப்ப போயி அரை. ரெண்டு கிலோவையும் முழுசா அரைக்கணும், கைப்பிடி எடுத்து அரைச்சா கெட்ட மணி தப்பிச்சுடும்."

"தெரியும், டாக்டர்."

"கட்டமும் உனக்குத் தெரிஞ்சுதான் இருந்துச்சு."

மார்ச் 22, செவ்வாய்

நாற்பதில் இருபத்தெட்டு வீடு பத்துக்கு மேலே. மும்புவா வீடு எண்பத்தாறு. கதுங்கே வீடு நூற்றுப் பத்தொன்பது.

சிவப்பு. சந்தேகமில்லாத சிவப்பு. சிறுநீர் சொன்னதுதான் சரி. பாட்டில் மாறவில்லை!

நான் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தேன். டாக்டர் அவூர் பிப்ரவரி எண்களை எடுத்து, மார்ச் எண்களுக்குப் பக்கத்தில் வைத்தார். அளவுகோலை வைத்து ஒவ்வொரு வீடாக இறக்கிக்கொண்டே வந்தார். பாதி வழியில் நின்றார்.

"முதிந்தி. இது அதே மூட்டைதானே?"

"அதே மூட்டை."

"எண்பத்தாறு. பொறுக்கினதுல ரெண்டு. நூத்துப் பத்தொம்பது. பொறுக்கினதுல நாலு." அவர் குரல் மாறிவிட்டது. "என்ன மெஷின் வச்சுப் பொறுக்கினாங்க?"

"கண்ணு, டாக்டர். முறமும் கண்ணும்."

"எவ்வளவு போச்சு?"

"எட்டுப் படிக்கு ஒரு படின்னு சொன்னாங்க."

அவர் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். எட்டில் ஒரு பங்கை எடுத்துவிட்டால் நஞ்சில் பத்துக்கு ஒன்பது பங்குக்கு மேல் போய்விடுகிறது. நஞ்சு எல்லா மணியிலும் பரவி இருப்பதில்லை, கெட்ட சில மணிகளில் குவிந்திருக்கிறது என்று புத்தகத்தில் படித்தோம். நாற்பது வீட்டில், இரண்டு வரிசையாக, யாரும் இவ்வளவு சுத்தமாகக் காட்டி நான் பார்த்ததில்லை. காட்டியது ஓர் ஊரின் மானம்.

"நான் முதல்லயே சந்தேகப்பட்டிருக்கணும்," என்றார். "நாப்பதுக்கு நாப்பது எங்கயாவது வருமா? நல்ல செய்தின்னு ஆடிட்டேன்."

"ஒரு தடவைதான் ஆடுனீங்க."

"வாய மூடு," என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். இந்த வாரத்தில் முதல்முறை.

மார்ச் 24, வியாழன்

குழுக் கூட்டத்தில் முடிவுகளைச் சொன்னேன். 'பொறுக்குங்க, பொறுக்கினாலே போதும்' என்று குதித்துக் குதித்து. எல்லோரும் கேட்டார்கள். பிறகு மும்புவா எழுந்தாள்.

"நல்லது. எட்டுக்கு ஒரு படியைத் தூக்கிப் போடணும். சரியா?"

"சரி."

"எங்க வீட்டு மூட்டை ஜூன் வரைக்கும் வரும். ஒரு படியைப் போட்டா மே மாசமே முடிஞ்சுடும். மே மாசத்துலேர்ந்து கியாலோ எதைத் திம்பான்? உன் முடிவையா?"

யாரும் சிரிக்கவில்லை. நானும்.

நஞ்சு எது என்று அவர்களுக்கு எப்போதும் தெரியும். பெயர்தான் தெரியாது. விருந்தாளிக்குப் போடக் கூடாது என்பது வரை தெரியும். தெரிந்தே தின்றார்கள். அறியாமை என்று எங்கள் அறிக்கைகளில் எத்தனை பக்கம் எழுதியிருக்கிறோம்! அறியாமை இல்லை, ஐயா. மே மாதம்.

"மாவட்டத்துக்கிட்ட மாத்துச் சோளம் இருக்கு," என்றேன். "கெட்டது ஒரு படி குடுத்தா நல்லது ஒரு படி. ஆனா சிவப்பு ஊருக்குத்தான்."

"அப்ப எங்களைச் சிவப்பாக்கு," என்றாள்.

மார்ச் 31, வியாழன்

வோட்டேயில் மாவட்ட அலுவலகம். நாங்கள் ஐந்து பேர், முசெம்பி அண்ணன் உட்பட. டாக்டர் அவூர் இஸ்திரி மடிப்பு கலையாமல் வந்தார். கதுங்கேயும் மும்புவாவும் சர்ச் உடையில்.

அதிகாரி இரண்டு அறிக்கைகளையும் இரண்டு கையில் தூக்கிப் பார்த்தார். "பிப்ரவரியில பச்சை, மார்ச்சுல சிவப்பு. ஏப்ரல்ல நீலமா?"

நான் வாயைத் திறந்தேன். டாக்டர் அவூர் மேசைக்கடியில் என் காலை மிதித்தார். பிறகு அவரே பேசினார். "முதல் அறிக்கை தப்பு. மாதிரி எடுத்த விதம் தப்பு. அதுல கையெழுத்து என்னோடது, தப்பும் என்னோடது. ரெண்டாவது சரி."

என் பெயரைச் சொல்லவில்லை. மாறாத பாட்டிலுக்கு என்னைக் குற்றம் சாட்டியவர், செய்த தப்புக்கு என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

"ஊர்க்காரங்க ஆராய்ச்சிய ஏமாத்திட்டு இப்ப உதவியும் கேட்டா எப்படிம்மா?" என்றார் அதிகாரி.

கதுங்கே எழுந்தார். மண்ணெண்ணெய்க் கடைக் குரல், ஆனால் தணித்து. "ஐயா, ஒரு கேள்வி. உங்க மேலதிகாரி ஞாயித்துக்கிழமை வீட்டுக்குச் சாப்பிட வந்தா, உங்க வீட்டம்மா எந்தச் சோளத்தை உலையில போடுவாங்க?"

முதலில் சிரித்தது தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண். அப்புறம் பியூன். கடைசியில் அதிகாரியே கன்னத்தைத் தடவிக்கொண்டு சிரித்தார்.

"பொறுக்கின சோளம்தான் போடுவா."

"அப்ப அவங்களும் ஏமாத்துக்காரங்களா?"

இத்தூமா பட்டியலில் ஏறியது. உலர்த்தும் இயந்திரம் இல்லை, அது தீர்ந்துவிட்டதாம். தீர்ந்ததா, வேண்டியவர்களுக்குப் போனதா என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்டேன். அதிகாரி அடுத்த கோப்பைத் திறந்தார். ஆனால் மாற்று மக்காச்சோளம் உண்டு, படிக்குப் படி, ஜூலை அறுவடை வரை.

வெளியே வந்து மும்புவா என் கழுத்தைக் கட்டிக்கொண்டு தூக்கிச் சுற்றினாள். என்னைவிட ஒல்லி. எங்கிருந்து அந்தப் பலம்!

ஏப்ரல் 20, புதன்

லாரி சேற்றில் மாட்டிக்கொண்டது. முப்பது பெண்கள் தள்ளினோம். 'நகரத்துக் கோழி'க்குப் புதிய அடி சேர்ந்திருக்கிறது. எழுதத் தகுந்ததல்ல.

மே 14, சனி

பொறுக்கும் போட்டி. மரத்தடியில் நாற்பது முறம். கெட்ட மணிகள் தகர டின்னில் விழும் சத்தம் மழை மாதிரி. டின்னை நிரப்பி வந்தால் லாரியிலிருந்து அதே டின் நிறைய நல்லது. முசெம்பி அண்ணனும் ஒரு முறத்தோடு உட்கார்ந்தார். அவர் டின்னைக் கதுங்கே கவிழ்த்துப் பார்த்தால் பாதி நல்ல மணி.

"மாமா, கண்ணாடி போடுங்க. நல்லதையெல்லாம் சாகடிக்கறீங்க."

"கெட்டதைத் திங்கறதுல எனக்கு அனுபவம் ஜாஸ்தி. பொறுக்கறதுலதான் கம்மி," என்றார்.

கெட்டதைக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம். கோழிக்குக்கூட இல்லை. ஒரு வியாபாரி பைக்கில் வந்து குழியருகே நின்றான். "தூக்கிப் போடறதை எனக்கு வித்துடுங்களேன், மாவு மில்லு இருக்கு" என்றான். மும்புவா மண்வெட்டியைத் தோளில் வைத்தபடி அவனை நோக்கி நடந்தாள். அவ்வளவுதான். பைக் கிளம்பிவிட்டது.

என் வேலை பற்றி டாக்டர் அவூர் இன்னும் எதுவும் சொல்லவில்லை. புது அறிக்கையின் பெயர் வரிசை மட்டும் மேசையில் கிடந்தது. அவர், நான், பிறகு 'இத்தூமா மகளிர் குழு'. மூன்றாவதை அவர் தன் கையால் எழுதியிருந்தார்.

ஜூன் 9, வியாழன்

பிள்ளைகளின் சிறுநீரை மறுபடி சோதித்தோம். முப்பத்தொன்று ஐந்தாகிவிட்டது. முப்பத்தொன்று ஐந்து!! கியாலோ ஐந்தில் இல்லை.

ஆகஸ்ட் 3, புதன்

புது அறுவடை. நாற்பது வீடு, மறுபடி முதலிலிருந்து.

மும்புவா முற்றத்தில் சாக்கை விரித்து மக்காச்சோளம் காயவைத்துக்கொண்டிருந்தாள். வாருங்கள் என்று சொல்லவில்லை. நிமிரக்கூட இல்லை.

"வந்துட்டியா? உள்ள போயி எடுத்துக்கோ. ரெண்டாவது மூட்டை மாத்துச் சோளத்து மிச்சம், புதுசு சுவத்தோரம். சத்தம் போடாத, இப்பத்தான் தூங்கினான்."

நேராக உள்ளே போனேன். கட்டிலில் கியாலோ குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். ஒரு கால் வெளியே தொங்கியது. பிப்ரவரியில் அந்தக் கால் கட்டில் விளிம்பைத் தொட்டிருக்காது. குத்தூசியைச் சாக்கில் மெதுவாக இறக்கினேன். மணிகள் பைக்குள் உருண்டன. அதில் உடைந்ததும் இருந்தது, சுருங்கியதும் இருந்தது, ஒன்றிரண்டு பச்சை படர்ந்ததும். அப்படியே, மூட்டையில் இருந்தபடி. ஐந்து குத்து. பையன் புரண்டான், எழவில்லை.

வெளியிலிருந்து மும்புவாவின் குரல்.

"ஏய் முதிந்தி, எடுத்துட்டியா? வரும்போது கட்டிலுக்கடியில இருக்கற பெரிய முறத்தையும் எடுத்துட்டு வா. வந்து உக்காரு, பொறுக்கணும். டாக்டருக்கு லேட்டாகும்னு போன் பண்ணிடு."